வெள்ளத்திற்கு முன்னே வந்த பணம்

வெள்ளம் வருமுன் அணை போட வேண்டும் என்று நம் ஊர்ப் பெரியவர்கள் சொல்வார்கள். கேட்பதற்கு எளிதாகத்தான் இருக்கிறது. ஆனால், அணை போட மண் வேண்டும், கல் வேண்டும், ஆள் வேண்டும், ஆளுக்குக் கூலியும் வேண்டும். அன்றன்று கிடைக்கும் கூலியில் அன்றைய அரிசியை வாங்கிச் சமைக்கும் ஒரு குடும்பத்திடம் போய், "இன்னும் பத்து நாளில் வெள்ளம் வரப்போகிறது, தயாராக இருங்கள்" என்று சொன்னால், அந்தக் குடும்பம் எதைக் கொண்டு தயாராகும்? இந்தக் கேள்வியைத்தான் இன்று நாம் சிந்திக்கவிருக்கிறோம்.

விடை தேடி முதலில் பங்களாதேஷின் வடபகுதிக்குச் செல்வோம். திபெத்தில் பிறந்து, அசாம் வழியாகப் பாய்ந்துவரும் பிரம்மபுத்திரா ஆறு, பங்களாதேஷில் ஜமுனா என்று அழைக்கப்படுகிறது. பல கிலோமீட்டர் அகலம் கொண்ட அந்த ஆற்றின் நடுவே வண்டல் படிந்து உருவான திட்டுகள் ஏராளம். வங்க மொழியில் அவற்றைச் 'சர்' என்கிறார்கள். குரிகிராம், கைபாந்தா, ஜமால்பூர் போன்ற மாவட்டங்களில் இத்தகைய திட்டுகளில் இலட்சக்கணக்கானோர் வாழ்கின்றனர். நிலையான இடத்தில் சொந்த நிலம் வாங்க முடியாதவர்களே பெரும்பாலும் அங்கே குடியேறுகிறார்கள். ஆறு ஓராண்டில் தந்த நிலத்தை மறு ஆண்டில் அதுவே எடுத்துக்கொள்வதும் உண்டு. தகரமும் மூங்கிலும் கொண்டு கட்டிய வீடு, ஒன்றிரண்டு மாடுகள், சில கோழிகள், கொஞ்சம் நெல். பல குடும்பங்களின் மொத்தச் சொத்தும் இவ்வளவுதான்.

வெள்ளம் வரப்போகிறது என்ற செய்தி இவர்களை எட்டியதும் என்ன நடக்கும்? படகுக்குக் காசு வேண்டும். மாட்டைக் கரைக்குக் கொண்டுபோக இன்னும் கூடுதல் காசு வேண்டும். கரைக்குப் போனாலும், அங்கே தீவனம் விலைக்குத்தான் கிடைக்கும். கையில் பணம் இல்லை. எனவே மாட்டை விற்க முன்வருவார்கள். ஒரே நேரத்தில் எல்லாரும் விற்க வருவதால் விலை சரிந்துவிடும். அல்லது வட்டிக்குக் கடன் வாங்குவார்கள். இரண்டும் முடியாதபோது, வீட்டுக் கூரையின் அடியில் பரண் கட்டி, இருப்பதைப் பாதுகாத்துக்கொண்டு அங்கேயே இருந்துவிடுவார்கள். பிள்ளைகளுக்குக் கொடுத்துவிட்டுத் தாய் பட்டினி கிடப்பாள். வெள்ளம் வடிந்த பிறகு அரிசி மூட்டையுடன் நிவாரணப் படகு வரும். அதற்குள் மாடு போயிருக்கும், கடன் ஏறியிருக்கும்.

2020-இல் நடந்தது

2020-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் இந்த வரிசை சற்று மாறியது. உலகமே கோவிட் பெருந்தொற்றில் முடங்கிக் கிடந்த காலம் அது. ஜமுனாவில் பெரும் வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தால் என்ன செய்வது என்பதை, ஐக்கிய நாடுகள் நிறுவனங்களும் பங்களாதேஷில் பணியாற்றும் அமைப்புகளும் அதற்கு முன்பே பேசி எழுதி வைத்திருந்தன. இரண்டு கட்டங்கள் வகுக்கப்பட்டன. பத்து நாட்களுக்கு முந்தைய கணிப்பு பெருவெள்ளத்தைக் காட்டினால் ஆயத்தம் தொடங்க வேண்டும். ஐந்து நாட்களுக்கு முந்தைய கணிப்பும் அதையே உறுதி செய்தால் உதவி மக்களின் கைக்குப் போக வேண்டும். யார் கையெழுத்திடுவது, பணம் எங்கிருந்து வருவது, எத்தனை குடும்பங்களுக்கு, எவ்வளவு என்பதெல்லாம் வானம் தெளிவாக இருந்தபோதே முடிவு செய்யப்பட்டவை.

ஜூலை 4-ஆம் தேதி முதல் அறிகுறி வந்தது. ஜூலை 11-ஆம் தேதி இரண்டாவதும் வந்தது. ஐ.நா.வின் மத்திய அவசரகால நிதியிலிருந்து ஏறக்குறைய 52 இலட்சம் டாலர் ஒதுக்கப்பட்டது. உலக உணவுத் திட்ட நிறுவனம் 23,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களுக்கு, வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே, கைபேசி வழியாகத் தலா 4,500 டாக்கா அனுப்பியது. அன்றைய மதிப்பில் அது ஏறத்தாழ 53 டாலர். உணவு வேளாண் நிறுவனம் கால்நடைத் தீவனமும், விதைகளையும் கருவிகளையும் நனையாமல் வைக்கும் மூடியுள்ள பீப்பாய்களும் வழங்கியது. ஐ.நா. மக்கள் தொகை நிதியம் பெண்களுக்குத் தேவையான தூய்மைப் பொருட்களைக் கொடுத்தது. அந்த மாத இறுதிக்குள் நாட்டின் நான்கில் ஒரு பகுதிக்குக் குறையாமல் நீரில் மூழ்கியது.

4,500 டாக்கா பெரிய தொகை அல்ல. அது வீட்டைக் கட்டித் தராது. ஆனாலும் அது வந்த நேரம் பெரியது. இதைப் பற்றி ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் உள்ளிட்ட குழுவினர் 2021-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். பணம் பெற்ற குடும்பங்கள், வெள்ளத்தின்போது ஒரு நாள் முழுவதும் உண்ணாமல் இருக்கும் வாய்ப்பு, பணம் பெறாத குடும்பங்களைவிட 36 விழுக்காடு குறைவாக இருந்தது என்று அந்த ஆய்வு கண்டறிந்தது. மூன்று மாதங்கள் கழித்துப் பார்த்தபோதும் அந்தக் குடும்பங்களில் பெரியவர்களும் குழந்தைகளும் சற்று மேலாக உண்டுவந்தார்கள். வெள்ளம் உச்சத்தை எட்டும் முன்பே வந்த ஒரு சிறு தொகை, மூன்று மாதம் கழித்தும் ஒரு குழந்தையின் தட்டில் தெரிந்தது என்றால், அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியாது.

உயிர் பிழைத்த பிறகு

பங்களாதேஷ் இந்த இடத்திற்கு ஒரே நாளில் வந்து சேரவில்லை. 1970-ஆம் ஆண்டு நவம்பர் 12-ஆம் தேதி இரவு அந்நாட்டின் கடற்கரையைத் தாக்கிய போலா புயலில் மூன்று இலட்சத்திற்கும் குறையாத மக்கள் இறந்தார்கள். அந்தப் பேரழிவுக்குப் பிறகுதான் அங்குள்ள கத்தோலிக்கத் திருஅவையின் உதவி அமைப்பு, நிவாரணத்திற்கும் மறுவாழ்வுக்குமான நிறுவனமாக மாற்றியமைக்கப்பட்டது. 1976 முதல் அது காரித்தாஸ் பங்களாதேஷ் என்ற பெயரில் இயங்குகிறது. அரசும் செஞ்சிலுவைச் சங்கத்தினரும் இணைந்து புயல் முன்னேற்பாட்டுத் திட்டத்தைத் தொடங்கினர். கொடியும் ஒலிபெருக்கியும் ஏந்தி வீடுவீடாகச் செல்லும் தன்னார்வத் தொண்டர்கள் உருவாயினர். புயல் காப்பகங்கள் எழுந்தன.

பலன் உடனே வரவில்லை. 1991 புயலில் மீண்டும் ஏறக்குறைய 1,40,000 பேர் இறந்தனர். ஆனால் 2007-இல் சிடர் புயலின்போது இறந்தோர் எண்ணிக்கை மூவாயிரத்துச் சொச்சமாகக் குறைந்தது. 2020 மே மாதம் ஆம்பன் புயல் வந்தபோது 20 இலட்சத்திற்கும் மேற்பட்டோர் முன்கூட்டியே வெளியேற்றப்பட்டனர். அந்நாட்டில் உயிரிழந்தோர் சில பத்துப் பேர்தான். ஐம்பது ஆண்டுகளில் ஓர் ஏழை நாடு சாதித்தது இது. இதற்காக நாம் நன்றி சொல்ல வேண்டும்.

ஆயினும் காப்பகத்திலிருந்து உயிரோடு திரும்பியவரின் மறுநாளை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வீட்டுக்கூரை இல்லை. மாடு இல்லை. வயலில் உப்புநீர். கடன்காரர் வாசலில். எச்சரிக்கை அவரது உயிரைக் காத்தது, ஆனால் அவரது வாழ்வைக் காக்கவில்லை. அடுத்த புயலுக்குள் அவர் இன்னும் ஒரு படி கீழே இறங்கியிருப்பார். ஐ.நா. பொதுச்செயலர் அந்தோணியோ கூட்டேரஸ் அவர்கள், உலகில் ஒவ்வொருவருக்கும் முன்னெச்சரிக்கை கிடைக்க வேண்டும் என்ற இலக்கை 2022 மார்ச் 23 அன்று அறிவித்தார். 2027-ஆம் ஆண்டு அதற்கான எல்லை. நல்ல இலக்கு. அதோடு நாம் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வி, எச்சரிக்கையைப் பெற்றவர் அதன்படி நடக்க அவர் கையில் ஏதாவது இருக்கிறதா என்பதே.

இரு துறைகள், ஒரே குடும்பம்

எந்த நாட்டை எடுத்துக்கொண்டாலும், அரசில் இரண்டு தனித்தனித் துறைகளைக் காணலாம். ஒன்று பேரிடர் மேலாண்மை. வானிலைக் கணிப்பும் படகும் மீட்புப் படையும் அதன் கையில் இருக்கும். மற்றொன்று சமூக நலம். முதியோர் ஓய்வூதியம், கைம்பெண் உதவித்தொகை, மாற்றுத்திறனாளிகளுக்கான உதவி, நியாயவிலைக் கடை போன்றவை அதன் பொறுப்பு. இதைத்தான் சமூகப் பாதுகாப்பு என்கிறோம். முதல் துறைக்கு எப்போது, எங்கே இடர் வரும் என்பது தெரியும். இரண்டாம் துறைக்கு யார் ஏழை, அவர் வீடு எது, அவருக்குப் பணம் எந்த வழியில் போகும் என்பது தெரியும். இரண்டும் ஒன்றோடொன்று பேசிக்கொள்வது அரிது.

இதன் விளைவு என்ன? புயல் வருவது தெரிந்தும், யாருக்கு உதவ வேண்டும் என்ற கணக்கெடுப்பு புயல் போன பிறகுதான் தொடங்குகிறது. மாதந்தோறும் ஓய்வூதியம் பெறும் மூதாட்டியின் பெயரும் கணக்கு எண்ணும் ஏற்கெனவே அரசிடம் இருக்கின்றன. ஆயினும் அவர் நிவாரணத்திற்காகப் புதிதாக ஒரு விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டு வெயிலில் நிற்கிறார். இருக்கின்ற அந்தப் பட்டியலையும் அந்தக் கணக்கையும் இடர் வருவதற்கு முன்பே பயன்படுத்தினால் என்ன? புயல் எச்சரிக்கை வெளியானதும் அவரது ஓய்வூதியத்தோடு ஒரு மாதத் தொகையைச் சேர்த்து அனுப்பினால் என்ன? பேரிடருக்கு முந்தைய செயல்பாட்டையும் சமூகப் பாதுகாப்பையும் இணைப்பது என்று வல்லுநர்கள் சொல்வதன் எளிய பொருள் இதுதான்.

இதைச் செய்து பார்த்த நாடு கென்யா. அந்நாட்டின் வடபகுதியில் உள்ள துர்க்கானா, மார்சபித், வஜீர், மந்தேரா ஆகியவை வறண்ட மாவட்டங்கள். அங்குள்ளோரில் பெரும்பாலானோர் ஆடு, மாடு, ஒட்டகம் மேய்ப்பவர்கள். பசிப்பிணிக்கு எதிரான பாதுகாப்பு வலைத் திட்டத்தின் கீழ், அங்கே மிக வறிய குடும்பங்களில் ஏறத்தாழ ஒரு இலட்சம் குடும்பங்களுக்கு இரண்டு மாதத்திற்கு ஒருமுறை வங்கிக் கணக்கில் பணம் செலுத்தப்பட்டது. ஆனால் பதிவு செய்யப்பட்டவை மூன்றரை இலட்சத்திற்கும் அதிகமான குடும்பங்கள். வழக்கமான உதவி பெறாதவர்களுக்கும் கணக்கு திறந்து வைக்கப்பட்டது. ஏன்? வறட்சி வரும்போது அவர்களையும் சேர்த்துக்கொள்வதற்காக.

வறட்சி வந்துவிட்டதா என்பதை யார் முடிவு செய்வது? விண்ணிலிருந்து செயற்கைக்கோள் எடுக்கும் படங்கள். மேய்ச்சல் நிலத்தின் பசுமை எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அவை காட்டும். அது குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால், அந்தப் பகுதியில் கூடுதல் குடும்பங்களுக்குப் பணம் போகும். 2015 முதல் இவ்வாறு நடந்தது. புல் காய்வதற்கும் ஆடு சாவதற்கும் இடையே சில வாரங்கள் உண்டு. ஆடு செத்த பிறகே பிள்ளையின் உடல் மெலியத் தொடங்கும். புல் காயும்போதே பணம் கிடைத்தால், அந்தக் குடும்பம் தண்ணீரும் தீவனமும் வாங்கி ஆட்டைக் காப்பாற்றும்.

கென்யாவின் அண்டை நாடான சொமாலியாவின் துயரத்தையும் இங்கே நினைவுகூர வேண்டும். 2010-ஆம் ஆண்டின் பிற்பகுதியிலேயே மழை பொய்க்கும் என்ற எச்சரிக்கைகள் வந்துவிட்டன. ஆனால் பஞ்சம் என்று ஐ.நா. முறைப்படி அறிவித்தது 2011 ஜூலை 20-ஆம் தேதி. உதவி பெருமளவில் வரத் தொடங்கியது அதன் பிறகே. அந்தப் பஞ்சத்தில் ஏறத்தாழ 2,60,000 பேர் இறந்ததாக 2013-இல் வெளியான ஆய்வு கணக்கிட்டது. அவர்களில் பாதிப்பேர் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள். அங்கே போர் நடந்துகொண்டிருந்தது என்பதும் உண்மை. ஆனால் எச்சரிக்கை இல்லாததால் அந்தக் குழந்தைகள் சாகவில்லை. எச்சரிக்கையை உணவாக மாற்றும் வழி எதுவும் அங்கே முன்பே போடப்பட்டிருக்கவில்லை.

யோசேப்பின் களஞ்சியம்

இவற்றைப் படிக்கும்போது நமக்குத் தொடக்க நூலில் வரும் யோசேப்பு நினைவுக்கு வருகிறார். பார்வோன் கண்ட கனவின் பொருளை அவர் விளக்கினார். ஏழு ஆண்டுகள் வளமும் அதன்பின் ஏழு ஆண்டுகள் பஞ்சமும் வரும் என்றார். அதோடு நிற்காமல், வளமான ஆண்டுகளில் விளைச்சலில் ஐந்தில் ஒரு பங்கைச் சேர்த்து வைக்கவும் வழி சொன்னார். நகர்தோறும் களஞ்சியங்கள் நிறைந்தன. பஞ்சம் வந்தபோது எகிப்தில் உணவு இருந்தது. முன்னெச்சரிக்கையும் முன்னேற்பாடும் கைகோத்த நிகழ்ச்சியாக நாம் இதைப் பலமுறை கேட்டிருக்கிறோம்.

ஆனால் அதே நூலின் 47-ஆம் பிரிவை நாம் அவ்வளவாகக் கவனிப்பதில்லை. களஞ்சியத்திலிருந்து தானியம் விலைக்கே கொடுக்கப்பட்டது. மக்கள் முதலில் பணத்தைக் கொடுத்தார்கள். பணம் தீர்ந்ததும் ஆடுமாடுகளைக் கொடுத்தார்கள். அவையும் தீர்ந்ததும் நிலத்தைக் கொடுத்து, பார்வோனுக்கு அடிமைகளானார்கள். அவர்கள் உயிர் பிழைத்தார்கள், நன்றியும் சொன்னார்கள். ஆயினும் பஞ்சம் முடிந்தபோது அவர்களிடம் சொந்தமாக ஒரு காணி நிலமும் இல்லை. விவிலியம் இதை மறைக்காமல் எழுதி வைத்திருக்கிறது. ஜமுனா ஆற்றுத் திட்டில் மாட்டை விற்கும் குடும்பம் நடந்து செல்வதும் இதே வழியில்தான். களஞ்சியம் நிறைந்திருப்பது மட்டும் போதாது, அதன் கதவு ஏழைக்கு எந்த நிபந்தனையில் திறக்கிறது என்பதும் முக்கியம்.

எழக்கூடிய கேள்விகள்

கணிப்பு தவறிவிட்டால் என்ன செய்வது, பணம் வீண்தானே என்று சிலர் கேட்கலாம். நியாயமான கேள்வி. வானிலைக் கணிப்பு சில நேரம் தவறும். ஆனால் வெள்ளம் வராமல் போய், ஒரு வறிய குடும்பத்திற்கு ஒருமுறை சிறுதொகை கிடைத்துவிட்டால், அது பிள்ளையின் பள்ளிச் செலவுக்கோ பழைய கடனுக்கோ போகும். வெள்ளம் வந்து, பணம் மட்டும் வராமல் போனால், இழப்பு அந்தக் குடும்பத்தின் தோளில்தான் விழும். இரண்டு தவறுகளில் எதைத் தாங்கிக்கொள்ளலாம் என்பதை நாமே முடிவு செய்யலாம்.

இந்த முறைக்கு எல்லைகளும் உண்டு. நிலநடுக்கத்தை நாள் குறித்து முன்கூட்டிச் சொல்ல முடியாது. நீண்ட வறட்சியைச் சிறுதொகை தடுத்து நிறுத்தாது. 2020-இன் இறுதி முதல் ஆப்பிரிக்காவின் கொம்புப் பகுதியில் தொடர்ந்து ஐந்து மழைப்பருவங்கள் பொய்த்தபோது, கென்யாவிலும் இந்தத் தொகை மட்டும் போதவில்லை. பெருமளவில் உணவு உதவியும் தேவைப்பட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை, பட்டியலில் பெயர் இல்லாதவர்களைப் பற்றியது. சமூகப் பாதுகாப்பின் வழியே உதவி போகுமானால், அந்தப் பாதுகாப்புக்குள் வராதவருக்கு உதவியும் வராது. உலகத் தொழிலாளர் நிறுவனம் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, ஏதாவது ஒரு சமூகப் பாதுகாப்பு உதவியாவது பெறுவோர் உலக மக்களில் 52.4 விழுக்காட்டினர். 380 கோடிப் பேருக்கு எதுவும் இல்லை. காலநிலை மாற்றத்தால் மிக அதிகமாகப் பாதிக்கப்படக்கூடிய 20 நாடுகளில் பாதுகாப்புப் பெறுவோர் 8.7 விழுக்காட்டினரே. எங்கே இடர் மிகுதியோ அங்கே வலை மிகவும் கிழிந்திருக்கிறது.

நம் கடற்கரையில்

இது எங்கோ தொலைவில் உள்ளவர்களின் கதை அல்ல என்பதை நம் கடற்கரைப் பங்குகளில் வாழ்வோர் நன்கு அறிவார்கள். 2017 நவம்பர் இறுதியில் வந்த ஒக்கிப் புயலை நாம் எப்படி மறக்க முடியும்? புயல் எச்சரிக்கை வெளியானபோது, குமரி மாவட்டத்தின் ஆழ்கடல் மீனவர்கள் கரையை விட்டுப் போய்ப் பல நாட்கள் ஆகியிருந்தன. அவர்களை எட்டும் தொடர்புக் கருவி படகுகளில் இல்லை. தமிழகத்தையும் கேரளத்தையும் சேர்ந்த நூற்றுக்கணக்கானோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். உடல் கிடைக்காதவரை இறந்தவராகக் கருத ஏழு ஆண்டுகள் ஆகும் என்பது பொது விதி. அந்த விதியைத் தளர்த்தி நிதி வழங்க வேண்டுமென்று குடும்பங்கள் போராட வேண்டியிருந்தது. பின்னர் தமிழக அரசு காணாமற்போனோர் குடும்பங்களுக்கும் 20 இலட்சம் ரூபாய் வழங்கியது.

ஒக்கிக்குப் பின் எச்சரிக்கைகள் அடிக்கடி வருகின்றன. மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம் என்று வானொலியும் கைபேசியும் சொல்கின்றன. நல்லதுதான். ஆனால் கடலுக்குப் போகாத ஒவ்வொரு நாளும் அடுப்பு எரியாத நாள். இதை உணர்ந்த கேரள அரசு ஒரு குறிப்பிடத்தக்க முடிவை எடுத்தது. 2021 அக்டோபர், நவம்பர் மாதங்களில் வானிலை எச்சரிக்கையால் வேலை இழந்த 1,59,481 மீனவக் குடும்பங்களுக்குத் தலா 3,000 ரூபாய் வழங்க 47.84 கோடி ரூபாய் ஒதுக்கியது. பணம் பின்னால்தான் வந்தது. ஆயினும் எச்சரிக்கைக்குக் கீழ்ப்படிவதற்கு ஒரு விலை உண்டு, அதை ஏழை மட்டும் கொடுக்கக்கூடாது என்பதை ஓர் அரசு ஏற்றுக்கொண்டது. எச்சரிக்கை வெளியான அன்றே அந்தத் தொகை கணக்கில் ஏறுமானால், எந்த மீனவரும் பிள்ளைகளின் பசிக்காகப் புயலை நோக்கிப் படகைத் திருப்ப மாட்டார்.

அதற்கான வழியும் நம்மிடம் இல்லாமல் இல்லை. மீன்பிடித் தடைக்கால நிவாரணம் ஆண்டுதோறும் மீனவக் குடும்பங்களின் கணக்கில் சேர்கிறது. மீனவ மகளிர் சேமிப்பு மற்றும் நிவாரணத் திட்டத்தில், பெண்கள் 1,500 ரூபாய் சேமித்தால் அரசுகள் 3,000 ரூபாய் சேர்த்து, மீன்பாடு குறைந்த மாதங்களில் 4,500 ரூபாயாகத் திருப்பித் தரும் ஏற்பாடு உண்டு. பெயர்கள் இருக்கின்றன, கணக்குகள் இருக்கின்றன. இவற்றைப் புயல் எச்சரிக்கையோடு இணைக்கும் ஓர் ஆணைதான் தேவை.

நகரத்திலும் இதே நிலைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் சென்னையையும் சுற்றுப்புறங்களையும் மூழ்கடித்தபோது, தமிழக அரசு 6,000 ரூபாய் நிவாரணத்தை நியாயவிலைக் கடைகள் வழியாகக் கொடுத்தது. சமூகப் பாதுகாப்புக்கென அமைந்த அந்தக் கடைகளே பேரிடர் உதவியின் வழியாயின. இவ்வளவு பேருக்கு இவ்வளவு விரைவில் கொடுக்க முடிந்ததே குடும்ப அட்டை இருந்ததால்தான். ஆனால் வாடகை வீட்டில் இருந்துகொண்டு, அட்டையைச் சொந்த ஊரில் வைத்திருந்தவர்கள்? அட்டையே இல்லாதவர்கள்? அவர்கள் தனியாக விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தார்கள். நம் துறைமுகங்களிலும் கட்டட வேலைகளிலும் உழைக்கும் வடமாநிலத் தொழிலாளர்களை நாம் இங்கே எண்ணிப் பார்க்க வேண்டும்.

நாம் செய்யக்கூடியது

அரசின் ஆணையை நாம் எழுத முடியாது. ஆனால், பட்டியலில் இல்லாதவர் யார் என்பதை அரசைவிட நன்றாக அறிந்தவர்கள் நாம். தெருக்கோடியில் தனியாக இருக்கும் பாட்டிக்கு ஓய்வூதியம் வருகிறதா? கணவரை இழந்த அந்த இளம் தாயின் பெயர் குடும்ப அட்டையில் இருக்கிறதா, இன்னும் மாமனார் வீட்டு அட்டையிலேயே கிடக்கிறதா? படுத்த படுக்கையாக இருப்பவரின் வங்கிக் கணக்கு இயங்குகிறதா? கைபேசி எண் மாறிவிட்டதா? இவை சிறிய கேள்விகள்தான். ஆனால் நாளை பணம் அனுப்பும் ஏற்பாடு வந்தால், அது யார் வீட்டு வாசல் வரை வரும் என்பதை இந்தச் சிறிய கேள்விகளே தீர்மானிக்கும்.

நம் அன்பியங்களும், வின்சென்ட் தே பவுல் சபையினரும், இளையோர் இயக்கத்தினரும் இதைச் செய்ய முடியும். புயல் வந்த பிறகு அரிசியும் போர்வையும் திரட்டுவதில் நம் பங்குகள் ஒருபோதும் பின்தங்கியதில்லை. அந்தத் தாராளத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே எடுத்து வைக்கலாம். அட்டை இல்லாதவருக்கு அட்டை வாங்கித் தருவதற்கும், கணக்கு இல்லாதவருக்குக் கணக்குத் தொடங்கித் தருவதற்கும் அதிகப் பணம் வேண்டியதில்லை. கிராம நிர்வாக அலுவலகத்திற்கும் வட்ட வழங்கல் அலுவலகத்திற்கும் இரண்டு முறையோ மூன்று முறையோ உடன் சென்றுவரும் பொறுமை வேண்டும். பங்கிலும் ஒரு சிறு நிதியை ஒதுக்கி, புயல் எச்சரிக்கை வந்த அன்றே எந்தெந்தக் குடும்பங்களுக்கு அதைக் கொடுப்பது என்று இப்போதே எழுதி வைக்கலாம். அந்தப் பட்டியலில் சாதியோ சமயமோ பார்க்க வேண்டியதில்லை என்பதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

அன்பார்ந்தவர்களே, வடகிழக்குப் பருவமழை ஆண்டுதோறும் வருகிறது. நம் தெருவில் அதற்குத் தயாராக முடியாதவர் எவர் என்பதும் நமக்குத் தெரியும். அடுத்த அன்பியக் கூட்டத்தில் செபம் முடிந்ததும், ஒரு தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு, "நம் பகுதியில் எந்தப் பட்டியலிலும் இல்லாதவர் யார்?" என்று ஒருமுறை கேட்டுப் பார்ப்போம். முதல் பெயர் எழுதப்பட்டதும் மற்ற பெயர்கள் தாமாகவே வரும்.